வாசகர் கேள்வி – பதில்: இந்தோனேசிய ஆஸ்பத்திரித் தாள்களை ஆங்கிலமாக்கும்போது

கப்பல் கட்டும் தளம், சரக்குக் கப்பல், தோட்டம் என்று இந்தோனேசியாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிற கடலூர், புதுவைக்காரர்கள் சிலர் கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு வருகிறார்கள். அதை ஆங்கிலமாக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு, மருத்துவ மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் தந்த பதில்கள் இங்கே.

என் கணவர் பாத்தாம் தீவில் கப்பல் தளத்தில் வெல்டர். சாரத்திலிருந்து விழுந்து, காலில் ஆபரேஷன் ஆகி வந்திருக்கிறார். ஃபைலில் அறுபது தாள் இருக்கும். இங்கே எலும்பு டாக்டரும் இன்சூரன்ஸ்காரரும் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அத்தனையையும் மாற்ற வேண்டுமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

வேண்டாம். அறுபதில் பாதிக்கு மேல் நர்சுகள் வேளாவேளைக்கு எழுதிய குறிப்பாகத்தான் இருக்கும். முதலில் தலைப்புகளைப் பார்த்துப் பிரியுங்கள். ‘ரெசுமே மெடிஸ்’ அல்லது ‘ரிங்காசான் புலாங்’ என்று இருந்தால் அது டிஸ்சார்ஜ் சம்மரி. ‘லாப்போரான் ஒப்பராசி’ என்பது ஆபரேஷன் விவரம். ‘ஓபாட் புலாங்’ என்ற தலைப்பில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்துகள் இருக்கும். இவற்றோடு எக்ஸ்ரே ரிப்போர்ட்டையும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையையும் சேர்த்தால் டாக்டருக்குப் போதும். இன்சூரன்ஸுக்கு இவற்றோடு ‘குவித்தான்சி’ என்ற ரசீதும், ‘ரின்ச்சியான் பியாயா’ என்ற செலவுப் பட்டியலும் வேண்டும். நர்சுகளின் குறிப்பை யாராவது கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆபரேஷன் விவரத் தாளில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வைத்த பிளேட், ஸ்க்ரூவின் கம்பெனி, அளவு, லாட் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கும். அதில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை என்று மொழிபெயர்ப்பாளர் விட்டுவிடக்கூடாது. எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்றித் தரவேண்டும். பின்னால் பிளேட்டை எடுக்கும்போதும், எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்தது எந்த இடம் என்பது. ‘காக்கி’ என்றால் கால். நம் ‘கால்’ மாதிரியே அதுவும் தொடையிலிருந்து பாதம் வரை எதையும் குறிக்கும். ‘தாங்கான்’ என்பதும் நம் ‘கை’ போலத்தான், மணிக்கட்டா முழங்கையா என்று சொல்லாது. ஆங்கிலத்திலோ ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சொல். ஆகவே மொழிபெயர்ப்பாளர் எக்ஸ்ரே ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்: அங்கே ‘ஃபெமுர்’ என்றால் தொடை, ‘கிரூரிஸ்’ என்றால் முழங்காலுக்குக் கீழே, ‘பெடிஸ்’ என்றால் பாதம். வலது இடது ஒரே ஃபைலில் இரண்டு விதமாக வரும். டாக்டர் ‘டெக்ஸ்ட்ரா’, ‘சினிஸ்ட்ரா’ என்று லத்தீனில் எழுதுவார், நர்ஸ் ‘கானான்’, ‘கிரி’ என்று எழுதுவார். டெக்ஸ்ட்ராவும் கானானும் வலது. ஒரு தாளில் வலது, இன்னொன்றில் இடது என்று இருந்தால், எது சரி என்று மொழிபெயர்ப்பாளர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டையும் உள்ளபடி எழுதி, அடியில் குறிப்புப் போடவேண்டும்.

இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடும் வரி ‘சாரா புலாங்’, அதாவது எப்படி வீட்டுக்குப் போனார் என்பது. அங்கே ஏ.பி.எஸ். என்ற மூன்று எழுத்து இருந்தால், டாக்டர் அனுப்பாமல் தாமாகவே கேட்டு வெளியேறினார் என்று பொருள். கிளெய்மில் இது பெரிய விஷயம். அதை மழுப்பி எழுதச் சொல்லாதீர்கள்; அசலோடு ஒப்பிட்டால் மொத்த ஃபைலும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஸ்கேன் 300 டி.பி.ஐ.யில், கலரில், முன்னும் பின்னும் இருக்கட்டும். செல்போனில் சாய்வாக எடுத்த படத்தில் கமா எது, புள்ளி எது என்று தெரியாது. அது எவ்வளவு பெரிய வம்பு என்று கீழே வருகிறது. அசல் தாளை யாரிடமும் விட்டுவிட வேண்டாம். வேலையிடத்து விபத்து என்பதால் அங்குள்ள தொழிலாளர் காப்பீட்டுக்கும் அதே அசல் தேவைப்படலாம்.

மேடானில் பல வருடம் இருந்ததால் இந்தோனேசிய மொழி சரளமாக வரும். நர்சிங்கும் படித்திருக்கிறேன். இந்த வேலையை எடுத்துச் செய்யலாமா? எதில் சறுக்கும்?
– வாசகி, முத்தியால்பேட்டை

மொழியும் மருத்துவமும் ஒருசேரத் தெரிந்தவர் குறைவு. தாராளமாகச் செய்யலாம். சறுக்குவது பெரிய வியாதிப் பெயர்களில் அல்ல. அவை லத்தீன், டச்சு வழி வந்தவை, பார்த்ததும் பிடிபடும். சறுக்குவது இரண்டெழுத்துச் சுருக்கங்களில்.

தாளின் முதல் வரியிலேயே ஆரம்பிக்கும். பெயருக்கு முன்னால் ‘டி.என்.’ என்று இருக்கும். நம் ஆட்கள் அதை இனிஷியல் என்று எடுத்துக்கொண்டு பெயரோடு சேர்த்துவிடுவார்கள். அது ‘துவான்’, திரு என்பது மட்டுமே. ‘என்.ஒய்.’ என்றால் திருமதி, ‘ஏ.என்.’ என்றால் குழந்தை, ‘பி.ஒய்.’ என்றால் கைக்குழந்தை. ‘பி.ஒய். என்.ஒய்.’ என்று தொடர்ந்து வந்து ஒரு பெண் பெயர் இருந்தால், அந்தப் பெண்ணின் இன்னும் பெயரிடாத குழந்தை. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு இனிஷியல் ஒத்துப்போகவில்லை என்று கிளெய்ம் திரும்பி வர இந்த ஒன்று போதும்.

அடுத்த கட்டத்தில் ‘எல் / பி’. எல் என்றால் ஆண், பி என்றால் பெண். ஆனால் ‘பி / டபிள்யூ’ என்று அச்சிட்ட படிவமும் உண்டு. அதில் பி என்றால் ஆண். எந்த எழுத்தோடு ஜோடி சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கைவைக்கக்கூடாது.

பிறகு உடல் பரிசோதனை. ‘டி.பி. 165’ என்றால் உயரம் 165 செ.மீ. அதே டி.பி. நெஞ்சு எக்ஸ்ரே பக்கத்தில் வந்தால் காசநோய். ‘டி.டி.’ (TD) ரத்த அழுத்தம், நம்மூரில் போடும் தடுப்பூசி அல்ல. ‘கே.யு.’ இரட்டை வேஷம் போடும்: நோயாளி சொன்னதை எழுதும் பகுதியில் வந்தால் முக்கியத் தொந்தரவு, டாக்டர் பரிசோதித்த பகுதியில் வந்தால் பொது உடல்நிலை. நெஞ்சைக் கேட்டு எழுதிய வரியில் ‘ஆர்.எச். -/-, டபிள்யூ.எச். -/-’ என்று வரும். இதை ஆர்.எச். நெகட்டிவ் ரத்த வகை என்று எழுதினால் ஆபத்து. நுரையீரலில் ராங்கை (கரகரப்பு), வீசிங் (இழுப்பு) சத்தம் வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை என்பதுதான் அது. சாய்கோட்டுக்கு முன்னால் வலது, பின்னால் இடது.

‘டி.டி.’ மாதிரியே ‘டிடி’ (DD) இன்னொன்றும் உண்டு, ஆங்கிலத்தில் D எழுத்து இரண்டு தடவை. நோய்க் கணிப்புப் பகுதியில் வந்தால் இதுவாகவும் இருக்கலாம் என்று டாக்டர் யோசிக்கும் நோய்களின் பட்டியல். அதை உறுதியான நோய்ப் பட்டியல்போல் எழுதிவிட்டால், இல்லாத வியாதியெல்லாம் நோயாளி தலையில் ஏறும். மருந்துச் சீட்டில் வந்தால் ‘ஒரு நாளைக்கு’.

நர்ஸ் குறிப்புகளில் ‘அஃப் இன்ஃபுஸ்’, ‘அஃப் ஹெக்திங்’ என்று வரும். அகராதியில் தேடினால் கிடைக்காது. டச்சுக்காரர்கள் விட்டுப்போன வார்டுப் பேச்சு. முதலாவது டிரிப்ஸை எடுத்தாயிற்று, இரண்டாவது தையல் பிரித்தாயிற்று. ‘கொன்ட்ரோல் போலி பெடா’ என்பதில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சர்ஜரி ஓ.பி.க்கு மறுபடி வந்து காட்டவேண்டும் என்கிறது. பேச்சு வழக்கில் ‘திபெஸ்’ என்று எழுதியிருப்பது டைஃபாய்டு. டைஃபஸ் என்று எழுதினால் வேறு கிருமி, வேறு மருந்து.

வேலைமுறை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க உட்காரும் முன் ஃபைல் முழுவதையும் ஒருமுறை படித்து, சுருக்கங்களை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் பகுதியில் வந்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு பொருள் வருவதற்கும் பொருளே தெரியாததற்கும் கேள்வி அனுப்பிப் பதில் வந்த பிறகு ஆரம்பியுங்கள். முத்திரை, கையெழுத்து, படிக்க முடியாத இடம் எல்லாவற்றையும் பகர அடைப்புக்குள் ‘முத்திரை’, ‘கையெழுத்து’, ‘படிக்க இயலவில்லை’ என்று ஆங்கிலத்தில் குறிக்கவேண்டும். ஊகித்து நிரப்புவது இந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத குற்றம்.

இன்னொருவர் அசலோடு வைத்து முழுதாகச் சரிபார்க்கவேண்டும். ஐ.எஸ்.ஓ. 17100 என்ற மொழிபெயர்ப்புத் தரநிலை இதைக் கட்டாயமாக்குகிறது. மொழிபெயர்ப்பில் பட்டம், அல்லது வேறு பட்டத்தோடு இரண்டு வருட முழுநேர அனுபவம், அல்லது ஐந்து வருட முழுநேர அனுபவம் என்று மொழிபெயர்ப்பாளருக்கான தகுதியையும் அதுதான் வகுத்திருக்கிறது. நீங்கள் ஆரம்பத்தில் ஒரு நிறுவனத்தின் கீழ் செய்து அனுபவக் கணக்கைச் சேர்ப்பது நல்லது.

ரத்தப் பரிசோதனைத் தாளில் எண்கள்தானே இருக்கின்றன, அதில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது?
– லேப் டெக்னீசியன், நெல்லிக்குப்பம்

இருப்பதிலேயே ஆபத்தான பக்கம் அதுதான். இந்தோனேசியாவில் தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்குப் புள்ளி. நமக்கு நேர் எதிர். ‘துரோம்போசிட் 98.000’ என்று இருந்தால் தட்டணு தொண்ணூற்று எட்டாயிரம். அப்படியே விட்டால் இங்கே படிப்பவர் கண்ணுக்கு வெறும் தொண்ணூற்றெட்டு. ‘கிரியாட்டினின் 1,2’ என்பதில் கமா மங்கிப்போய் 12 ஆனால் நோயாளியை டயாலிசிஸுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றப் பார்ப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. முதலில் கமாவை எல்லாம் புள்ளியாக்குவார்கள், பிறகு புள்ளியை எல்லாம் கமாவாக்குவார்கள். இரண்டாவது கட்டளை முதலில் மாற்றியதையும் சேர்த்துத் திருப்பிவிடும். கிரியாட்டினின் மறுபடி 1,2 ஆகிவிடும். கமாவை முதலில் தாளில் எங்கும் வராத ஒரு குறியாக, உதாரணமாக அலைக்கோடாக, மாற்றிவிட்டு, புள்ளியைக் கமாவாக்கி, கடைசியில் அலைக்கோட்டைப் புள்ளியாக்க வேண்டும். அப்போதும் தேதியும் நேரமும் கெடும். 14.30 என்று அங்கே நேரத்தைப் புள்ளி வைத்துத்தான் எழுதுவார்கள். ஆகவே எண் உள்ள கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். நான்கைந்து பக்கம்தான் என்றால் கையால் அடிப்பதே மேல்.

சில லேப்கள் ‘98 ரிபு’ என்று எழுதும். ரிபு என்றால் ஆயிரம், ‘ஜூத்தா’ என்றால் பத்து லட்சம். ‘நிலை ருஜுக்கான்’ என்ற பத்தி நார்மல் அளவு. ஆனால் ‘சுராட் ருஜுக்கான்’ என்று தனித்தாள் இருந்தால் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம். ‘எல்.இ.டி.’ என்பது நீங்கள் தினமும் போடும் இ.எஸ்.ஆர். தான். ‘ஜி.டி.பி.’ வெறும் வயிற்றுச் சர்க்கரை. அதில் உள்ள பி, ‘புவாசா’, நம் உபவாசமேதான். ‘ஜி.டி.எஸ்.’ எந்த நேரமும் எடுத்தது. ‘உரேயும்’ என்றால் யூரியா. அதை பி.யு.என். (யூரியாவில் உள்ள நைட்ரஜன் அளவு மட்டும்) என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் யூரியா அளவை ஏறக்குறைய 2.14ஆல் வகுத்தால்தான் பி.யு.என். வரும். சிறுநீரக டாக்டர் இரட்டிப்புக்கு மேல் கூடியதாக நினைப்பார்.

அலகை மாற்றிக் கணக்குப் போட்டுத் தருவது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை. சுரம் 38,2 என்று செல்சியஸில் இருந்தால் 38.2 செல்சியஸ் என்றே போகட்டும், டாக்டர் பாரன்ஹீட் கேட்டாலும். முடித்ததும் ஒருவர் அசலை வாசிக்க, இன்னொருவர் மொழிபெயர்ப்பில் விரல் வைத்துப் பார்க்கவேண்டும். ‘தொண்ணூற்றெட்டாயிரம்’ என்று வாசிக்காமல், ‘ஒன்பது, எட்டு, புள்ளி, சைபர், சைபர், சைபர்’ என்று வாசிப்பதுதான் வழக்கம்.

செல்போனில் படம் எடுத்தால் உடனே மொழிபெயர்த்துத் தருகிறதே?
– வாசகர், லாஸ்பேட்டை

என்ன தாள் என்று நீங்கள் புரிந்துகொள்ள, போதும். டாக்டர் கையில் கொடுக்கப் போதாது. அந்த மொழியில் ‘டியா’ என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் பொது. வினைச்சொல் காலம் காட்டாது. இயந்திரம் ஏதோ ஒன்றை முடிவு செய்துவிட்டுத் தயங்காமல் எழுதும். கையெழுத்தைத் தப்பாகப் படித்தாலும் சரியான ஆங்கிலத்தில் தப்பாக எழுதுவதால் கண்டுபிடிப்பது கஷ்டம். மேலும், பெயர், பிறந்த தேதியோடு நோய் விவரத்தை இலவசத் தளத்தில் ஏற்றுவது, தனிநபர் தரவுக்கென இந்தோனேசியா 2022இலும் இந்தியா 2023இலும் கொண்டுவந்த சட்டங்களின் நோக்கத்துக்கே எதிரானது. தொழில்முறையில் இயந்திர வரைவை வைத்துத் திருத்துபவர்கள் இருக்கிறார்கள், அதற்கென ஐ.எஸ்.ஓ. 18587 என்று தனித் தரநிலையே உண்டு. வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

என் மருமகள் சுரபாயாக்காரர். புதுவையில் பிரசவம் பார்த்தோம். பிறந்த வீட்டுக்குப் போகும்போது அங்குள்ள டாக்டருக்குக் காட்ட, இங்கத்து ரிப்போர்ட்டை இந்தோனேசிய மொழியில் மாற்றித் தருவீர்களா?
– வாசகி, வில்லியனூர்

இந்தத் திசையில் இந்தோனேசியாவில் பிறந்து வளர்ந்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கற்றுக்கொண்ட மொழிக்குள் மொழிபெயர்ப்பதைத் தொழில் தெரிந்தவர்கள் தவிர்ப்பார்கள். அவசரம் என்றால் ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரியே அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குப் புரியும். ஊர்ப்புற ‘புஸ்கெஸ்மாஸ்’, நம் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி, அங்கே காட்டுவதென்றால் மாற்றிக்கொள்வது நல்லது.

ஆனால் கொடுக்கும் முன் நம்மூர் வழக்குகளை நீங்களே விளக்கி எழுதிக் கொடுங்கள், அங்கே இருப்பவருக்கு அவை தெரியாது. ‘தட்டணு 1.5 லட்சம்’ என்றால் அவர் மலைப்பார்; 150.000 என்று போகவேண்டும். மருந்துக்கு ‘1-0-1’ என்று நாம் எழுதுவது அங்கே ‘2x1, காலை, இரவு’. அவர்கள் ‘3x1’ என்று எழுதினால் ஒரு தடவைக்கு ஒன்று வீதம் மூன்று வேளை. ஒரே வேளையில் மூன்று மாத்திரை என்று இங்கே யாரும் விழுங்கிவிடக்கூடாது. ஏற்கெனவே உள்ள நோயைக் குறிக்க நம் டாக்டர்கள் போடும் ‘கே/சி/ஓ’ வெளிநாட்டில் யாருக்கும் விளங்காது. மருந்தின் வியாபாரப் பெயருக்குப் பக்கத்தில் மூலப்பெயர் கட்டாயம் வேண்டும். அங்கே ‘சன்மோல்’ என்று விற்பது வெறும் பாராசிட்டமால். ஒரே வியாபாரப் பெயரில் இரண்டு நாட்டில் இரண்டு மருந்து இருப்பதும் உண்டு.

பிரெஞ்சுக் கோப்புகளுக்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் முத்திரை கேட்பார்கள். இந்தோனேசியத் தாளுக்கும் அப்படியா? சுமத்ராவில் இறந்துபோன தம்பியின் மரணச் சான்றும் என்னிடம் இருக்கிறது.
– வாசகர், கடலூர் முதுநகர்

இந்தோனேசியாவில் ‘பெனெர்ஜெமா தெர்சும்பா’ என்று, உறுதிமொழி எடுத்து அரசு நியமித்த மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. இந்தியாவில் நாடு முழுவதற்கும் அப்படியொரு உரிமம் கிடையாது. இங்கே செய்வது: எனக்கு இரண்டு மொழியும் தெரியும், அசலுக்கு மாறில்லாமல் முழுமையாக மொழிபெயர்த்திருக்கிறேன் என்று மொழிபெயர்ப்பாளர் தேதி, முகவரியோடு உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு, தேவைப்பட்டால் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரமாக்குவது. நோட்டரி சான்று சொல்வது கையெழுத்துக்குத்தான், மொழிபெயர்ப்பு சரியா என்பதற்கு அல்ல. டாக்டருக்குக் காட்ட இதுகூட வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். சிலர் அங்குள்ள உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரே வேண்டும் என்பார்கள், அது தெரியாமல் இரண்டு தடவை செலவழிப்பது வீண்.

மரணச் சான்று வேறு விஷயம். அங்கே இரண்டு தாள் உண்டு. ஆஸ்பத்திரி கொடுப்பது ‘சுராட் கெத்தெராங்கான் கெமாத்தியான்’. அதை வைத்துக் குடிமைப் பதிவு அலுவலகம் கொடுப்பது ‘அக்தா கெமாத்தியான்’. வாரிசுச் சான்று, வங்கி போன்றவற்றுக்கு இரண்டாவதுதான் எடுபடும். உங்களிடம் முதலாவது மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும் முன் இரண்டாவதை வாங்குங்கள். இந்தோனேசியாவில் 2022 ஜூன் 4 முதல் அப்போஸ்டில் (அரசு ஆவணம் மெய்யானது என்று பிற நாடுகளும் ஏற்கும் சான்று) நடைமுறை இருக்கிறது, இந்தியாவில் 2005 முதல். ஆகவே அங்குள்ள அரசு ஆவணத்துக்கு அங்கேயே அப்போஸ்டில் வாங்கிவிட்டால் தூதரகச் சான்றுக்கு அலைய வேண்டாம். அப்போஸ்டில் பக்கத்தையும் சேர்த்தே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இறந்த இந்தியக் குடிமகனின் மரணத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவில் வழி இருக்கிறது. சுமத்ராவென்றால் மேடானில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரிக்கலாம்.

கூலி எப்படிக் கணக்கிடுவது?
– வாசகர், பண்ருட்டி

அச்சடித்த தாளென்றால் மூலத்தின் சொற்களை எண்ணி, சொல்லுக்கு இவ்வளவு என்பது வழக்கம். கையெழுத்துத் தாளில் மூலத்தை எண்ண முடியாது. முடித்த ஆங்கிலத்தின் சொற்களை எண்ணுவார்கள், அல்லது பக்கக் கணக்கு. தெளிவான அச்சில் ஒரு நாளைக்கு இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு சொல் நிதானமாகப் போகும். டாக்டர் கையெழுத்தில் அதில் பாதி வந்தாலே பெரிது. தாளைப் பார்க்காமல் போனில் விலை சொல்பவரை நம்பாதீர்கள். சரிபார்ப்பவர் கூலி சேர்ந்ததா, நோட்டரிச் செலவு யாருடையது, ஒரு தாள் மட்டுமென்றால் குறைந்தபட்சம் எவ்வளவு என்ற மூன்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள். வடிவமைப்புக்கும் நேரம் பிடிக்கும்: லேப் தாளின் கட்டங்களை அசல்போலவே போடுவது சில சமயம் மொழிபெயர்ப்பைவிட அதிக நேரம் எடுக்கும்.

அசலிலேயே தப்பு இருக்கிறது. என் வயது 41, தாளில் 14 என்று போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் திருத்திக்கொள்ளலாமா?
– வாசகர், பாகூர்

கூடாது. 14 என்றே எழுதி, ‘அசலில் இவ்வாறே உள்ளது’ என்று பக்கத்தில் குறிக்கவேண்டும். பிறந்த தேதி சரியாக இருந்தால் அதுவே உங்களைக் காப்பாற்றும். திருத்தம் வேண்டுமென்றால் அந்த ஆஸ்பத்திரியின் ‘ரெக்காம் மெடிஸ்’ பிரிவுக்கு, தாளின் மேலே ‘ஆர்.எம்.’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாஸ்போர்ட் நகலையும் வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். திருத்திய தாள் வந்ததும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி மொழிபெயர்த்தால் போதும். பழைய பக்கத்தையும் கிழித்துப் போடாமல் ஃபைலில் வையுங்கள். இன்சூரன்ஸ்காரர் கையில் ஏற்கெனவே அதன் நகல் போயிருக்கும்.